படுத்தால் சுற்றும் வீடு

வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரம் பெற்றவர்களின் வீடுகளைப் பார்த்துவர, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டில் இயந்திரம் பழைய சேலையால் மூடப்பட்டு மூலையில் கிடந்தது. ஏன் தைப்பதில்லை என்று கேட்டேன். "குனிஞ்சு நூல் கோக்க ஏலாது பிள்ளை. தலை சுத்திக்கொண்டு வருது" என்றார் அந்த அம்மா.

ஐம்பத்தைந்து வயது. கணவரை 2009 இல் இழந்தவர். எட்டு மாதங்களுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டிருக்கிறது. அன்று தொடக்கம், பாயில் படுத்து இடப்பக்கம் திரும்பினால் வீடு முழுவதும் சுற்றும். அரை நிமிடம் சுற்றி நிற்கும். பிறகு ஓங்காளம். பயத்தில் பாயையே விட்டுவிட்டார். எட்டு மாதமாகச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை. தண்ணீர் அள்ளப் போவதில்லை. பஸ் ஏறுவதில்லை. கோவில் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை.

மருந்து எடுக்காமல் இல்லை. ஓரிடத்தில் இரத்தம் குறைவு என்று குளிசை கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் பிரஷர் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, யோசிக்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அயலவர் சொல்லக் கையில் நூலும் கட்டியிருந்தார்.

"யோசிக்காதேங்கோ" என்ற சொல்லை எமது பெண்கள் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்! யுத்தத்தைக் கடந்து வந்த பெண்ணுக்கு உடம்பில் எது வந்தாலும் அதை மனதின் கணக்கில் எழுதிவிடுவது எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது. என்னுடைய பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால், தலைச்சுற்று என்று சொன்ன பெண்களின் பெயருக்கு நேரே நானும் "மன அழுத்தம்" என்றே எழுதியிருக்கிறேன். மனக்காயம் உண்மையானது. அது தலைச்சுற்றைக் கூட்டவும் செய்யும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் காதைப் பார்க்காமல் விடுவது பெரிய அநியாயம்.

காதுக்கும் தலைச்சுற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கேட்பதற்கான பகுதியோடு ஒட்டியபடி, உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் பகுதியும் உட்காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் அசையும். அந்தச் செய்தி மூளைக்குப் போகும். கால்வாய்களுக்குப் பக்கத்தில் கல்சியம் காபனேற்றினாலான மிகச் சிறிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலையில் அடிபட்டால் அல்லது வயது போகப்போக, சிலருக்குக் காரணமே தெரியாமலும், இத்துகள்கள் கழன்று கால்வாய்க்குள் போய்விடும். பிறகு தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை அசைவது நின்ற பின்னும் "இன்னும் சுற்றுகிறது" என்று காது மூளைக்குப் பொய் சொல்லும். படுக்கும்போது, புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்று பெரும்பாலும் இந்த வகைதான்.

இத்துகள்களைக் கரைக்கும் குளிசை இல்லை. கையால்தான் வெளியேற்ற வேண்டும். தலையை ஓர் ஒழுங்கில் திருப்பித் திருப்பி, துகள்களை வந்த வழியே உருட்டி வெளியே விடும் முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த காது வைத்தியர் ஜோன் எப்லி. 1992 இல் அவரது கட்டுரை வெளிவரும்வரை பல வருடங்கள் சக வைத்தியர்களே அவரை நம்பவில்லை. இவ்வளவு பெரிய வருத்தம் தலையைத் திருப்பினால் மாறுமா என்ற சந்தேகம்தான்.

அம்மாவைக் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இயன்மருத்துவர் இளம் பெண். அம்மாவைக் கட்டிலில் இருத்தி, கழுத்தில் வருத்தம் உண்டா, ஷெல் துண்டு ஏதும் உடம்பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். பிறகு தலையை இடப்பக்கம் பாதி திருப்பிப் பிடித்தபடி, சடாரென்று பின்னால் சாய்த்துப் படுக்கவைத்தார். அம்மா குழறிவிட்டார். அவருடைய கண்கள் தாமாகவே துடித்துச் சுழன்றதை நானும் பார்த்தேன். சுற்று கற்பனை அல்ல என்பதற்கு அந்தக் கண்களே சாட்சி. "இதுதான் அம்மா, பயப்படாதேங்கோ, இப்ப நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, சுற்று அடங்கியதும் தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் பொறுத்து உடம்போடு சேர்த்துப் புரட்டினார். பின் எழுப்பி இருத்தினார். எல்லாம் ஐந்து நிமிட வேலை. ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை செய்தார். அன்றிரவு அம்மா பாயில் படுத்தார்.

இத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. சுற்று நின்றாலும் நடையில் தள்ளாட்டம் நின்றது. பொழுதுபட்டால் மோசம். விசாரித்தபோதுதான், 2009 இல் பக்கத்தில் ஷெல் விழுந்ததிலிருந்து இடது காது மந்தம் என்றார். வெடிப்பின் அதிர்வு காதுச் சவ்வைக் கிழிப்பதோடு உட்காதின் சமநிலைப் பகுதியையும் பாதிக்கக்கூடும். அப்படியான பாதிப்பைத் தலையைத் திருப்பி மாற்ற முடியாது. ஆனால் மூளைக்குப் பழக்கலாம்.

நாம் விழாமல் நிற்பதற்குக் காது மட்டுமல்ல, கண்ணும், பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வும் உதவுகின்றன. காது பழுதுபட்டவர் கண்ணை நம்பி நடக்கிறார். இருட்டில் கண் உதவாது; மணல் ஒழுங்கையில் பாதமும் உதவாது. செயற்கைக் கால் போட்ட சகோதரிகளுக்கு அந்தப் பக்கப் பாத உணர்வே இல்லை. அவர்களுக்குக் காதும் பழுதென்றால் இரட்டைச் சுமை. "கால் சரியாகப் பொருந்தவில்லை" என்று அடிக்கடி சொல்பவர்கள், காதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. காயத்துக்காக நீண்ட நாள் ஜென்டமைசின் ஊசி ஏற்றப்பட்டவர்களும் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்து சிலருக்கு இரண்டு காதின் சமநிலைப் பகுதியையும் பாதிக்கும்.

மூளையைப் பழக்கும் பயிற்சிகளும் ஒரு யுத்த காலத்தில் பிறந்தவைதான். 1940களில் இலண்டனில் கோதோர்ன் என்ற காது வைத்தியரும் குக்சி என்ற வைத்தியரும் தலையில் காயப்பட்டவர்களைக் கவனித்தார்கள். சுற்றுக்குப் பயந்து அசையாமல் கிடந்தவர்களைவிட, எழுந்து நடமாடியவர்கள் விரைவாகத் தேறினார்கள். எனவே கண்ணை அசைத்தல், தலையை அசைத்தல், குனிந்து எடுத்தல், பந்து எறிந்து பிடித்தல், படி ஏறுதல் என்று பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார்கள். சுற்று எந்த அசைவில் வருகிறதோ, அந்த அசைவை அளவோடு திரும்பத் திரும்பச் செய்தால் மூளை பழகிக்கொள்ளும். எமது வீடுகளில் செய்வது நேர்மாறு. "தலை சுத்துதா, போய்ப் படு" என்கிறோம். முதல் ஓரிரு நாள் அது சரி. மாதக் கணக்கில் அல்ல. தலைச்சுற்றை அடக்கும் குளிசைகளும் அப்படித்தான். நீண்ட நாள் விழுங்கினால் மூளை பழகுவதை அவை மந்தமாக்கும். வைத்தியரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சி: சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, கண்ணை அதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும், எழுத்து மங்காத வேகத்தில். ஒரு நிமிடம், நாளுக்குப் பல தடவை. பிறகு சுவரோரமாக, மகள் பக்கத்தில் நிற்க, பாதங்களைச் சேர்த்து நிற்பது. அது பழகியதும் மடித்த பாயின் மேல் நிற்பது. பிறகு ஒரு பாதத்தின் முன் மற்றப் பாதம் வைத்து நடப்பது. செய்யும்போது கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பயிற்சி காணாது என்று அர்த்தம். இருபது நிமிடத்துக்கு மேலும் சுற்று அடங்காவிட்டால் குறைக்க வேண்டும். முதல் கிழமை அம்மா என்னை ஏசினார். "மாற்றவெண்டு கூட்டிப்போய் கூட்டிவிட்டிட்டாய்" என்றார். நான்காம் கிழமைதான் பேச்சு மாறியது.

ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யக்கூடாது. கழுத்துக் காயம் உள்ளவர்கள் தலையைத் திருப்பும் வைத்தியத்தை வீட்டில் முயலவே கூடாது. சுற்றோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் கைகால் சோருதல், பொருள் இரண்டாகத் தெரிதல், திடீரென்று கடும் தலையிடி இவற்றில் ஒன்று வந்தாலும் அது காது வருத்தமாக இல்லாமல் பாரிசவாதமாக இருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்று உள்ளே போனால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் பிரஷர் பார்த்து அனுப்பிவிடுவார்கள். எப்போது சுற்றுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால், எவ்வளவு நேரம், காது கேட்பது எப்படி, ஷெல் அல்லது குண்டு பக்கத்தில் விழுந்ததா, தலையில் அடிபட்டதா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். இயன்மருத்துவரிடம் அனுப்ப முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இயந்திரத்தில் பாடசாலைச் சட்டை ஒன்று பாதி தைத்தபடி இருந்தது. சுவரில் எழுத்து இன்னும் ஒட்டியிருக்கிறது. பொழுதுபட்டபின் அம்மா டோர்ச் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. ஓடும் பஸ்ஸில் ஜன்னலால் பார்த்தால் இப்போதும் தலை அம்முமாம். அடுத்த கிளினிக்குக்குத் தனியாகவே பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன் என்றார். மகளுக்கு அதில் விருப்பமில்லை.