பழைய வாடகை வீடு... குழாயைத் தொட்டால் ‘சுர்’! வயரிங்கை மாற்ற வேண்டியது யார்?

வாடகை கட்டுப்படியாகிறது. தண்ணீர் வருகிறது. ஆபீஸும் பக்கம். விருதுநகரை ஒட்டிய சூலக்கரைப் பக்கம் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும்தான் பார்க்கிறார்கள். சுவிட்ச் போர்டை யாரும் பார்ப்பதில்லை. குடி வந்த பிறகு ஒருநாள் பாத்ரூம் குழாயைத் தொட்டால் ‘சுர்’ என்று இழுக்கிறது. “அண்ணாச்சி, குழாய்ல ஷாக் அடிக்குது” என்று ஓனரிடம் சொன்னால், “முப்பது வருஷமா இந்த வீட்டுல ஒண்ணும் ஆகலையே தம்பி” என்று பதில் வரும்.

முப்பது வருஷம் ஆகிவிட்டது என்பதுதான் பிரச்சினையே.

பழைய வயரிங்கில் என்ன கோளாறு?

அந்தக் காலத்து வீடுகளுக்கு வயரிங் செய்தபோது கணக்கில் இருந்தவை நாலு லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி. இன்று அதே வயரில் ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்ப்தான். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி அடுப்பைப் போட்டால், சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். திரும்பத் திரும்பச் சூடானால் மேலுறை காய்ந்து வெடித்து உதிரும். கோடையில் கந்தக பூமியின் வெயில் ஒரு பக்கம் என்றால், ஐப்பசி மழையில் ஊறும் சுவர் இன்னொரு பக்கம். உறை போன வயரிலிருந்து ஈரச் சுவருக்கும் குழாய்க்கும் கரண்ட் கசிய ஆரம்பிக்கும்.

பட்டாசு ஆலைகளில் சின்னப் பொறிக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அந்தக் கவனம் வீட்டு சுவிட்ச் போர்டு வரை வருவதில்லை.

ப்யூஸ், எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா?

போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ப்யூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்ற வந்தவை. லோடு கூடினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோதான் அவை துண்டிக்கும். மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்ப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது துண்டிக்க, இதைப்போல 500 மடங்குக்கு மேல் கரண்ட் பாய வேண்டும்.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் வந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். பழைய வீட்டில் இதை மாட்டினால் அடிக்கடி ‘டிரிப்’ ஆகலாம். உடனே ‘பீஸ் சரியில்லை’ என்று கழற்றிவிடக் கூடாது. எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. கசிவைத்தான் தேட வேண்டும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். எர்த் இருந்தால் ஆள் தொடும் முன்பே கருவி வேலை செய்யும்.

எப்போது உஷாராக வேண்டும்?

* குழாய், சுவர், ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் ‘சுர்’ என்பது
* சுவிட்ச், பிளக் சூடாவது, கருகிய வாடை, கறுப்புத் தடம்
* அயர்ன் பாக்ஸ் போட்டதும் லைட் மங்குவது
* அடிக்கடி ப்யூஸ் போவது, ப்யூஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பி சுற்றியிருப்பது

முதல் அறிகுறி தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று குளிக்கப் போகக் கூடாது.

செலவு யாருடையது?

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டின் உள்ளேயும் வெளியேயும் உள்ள வயரிங் ஓனர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. ஆக, சுவிட்ச் உடைந்தால் நீங்கள். சுவருக்குள் வயர் கருகினால் ஓனர். வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே படித்துப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தில் 2020-ல் வந்த விதிப்படி, வாடகைக்கு விடும் வீட்டின் வயரிங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியானவரை வைத்து ஓனர் சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். இங்கே, கேட்க வேண்டியவர் குடியிருப்பவரே.

ஓனர் காதில் வாங்கவில்லை என்றால்?

வாய்ப்பேச்சோடு விடாமல், போட்டோவோடு வாட்ஸ்அப்பிலும் கடிதத்திலும் தெரிவிக்க வேண்டும். அப்போதும் மறுத்தால், வேலையைச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். கோபத்தில் வாடகையையே நிறுத்துவது வம்பை வளர்க்கும். வீடு குடியிருக்கவே முடியாத நிலையில் இருந்தால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம், அல்லது வாடகை ஆணையத்தை அணுகலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, ஆணையத்தில் பதிவாகியிருந்தால்தான் இதற்கெல்லாம் பலம். நகரை ஒட்டிய ஊர் என்றால், வீடு எந்த உள்ளாட்சி எல்லையில் வருகிறது, இந்தச் சட்டம் அங்கே பொருந்துமா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

யாரைக் கூப்பிடுவது?

கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் வேலை. புகாருக்கு ‘மின்னகம்’: 94987 94987. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பாடு. வருபவரிடம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மெக்கர் வைத்து வயரின் உறையையும், எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீடு முழுக்க வயரிங்கை மாற்ற உடனே பணம் இல்லை என்று ஓனர் சொன்னால், முதலில் எர்த், அடுத்து ஆர்.சி.சி.பி., பிறகு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் புது வயர் என்று வரிசையாகப் பேசி முடிக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசினால் இன்னும் சுலபம். தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கும்போதே, “அண்ணாச்சி, எர்த் இருக்கா?” என்றும் கேட்டுவிடலாம்.