நோபல் வந்தது... பதவி உயர்வு எங்கே? மூன்று பேராசிரியைகளின் கதை

அதிகாலை 5 மணிக்கு போன் அடித்தால் நம் வீடுகளில் வயிற்றில் புளியைக் கரைக்கும். 2018 அக்டோபர் 2 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான் போன் அடித்தது. எடுத்தவர் டோனா ஸ்ட்ரிக்லேண்ட். அழைத்தது ஸ்வீடன். இயற்பியல் நோபல் பரிசு!

அடுத்த சில மணி நேரத்தில் உலகம் முழுக்க செய்தியாளர்கள் அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தார்கள். விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கமே இல்லை. அதே ஆண்டு மே மாதம் யாரோ எழுதி அனுப்பிய வரைவை, இவர் பக்கம் வைக்கும் அளவுக்கு முக்கியமானவர் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். சரி, பல்கலைக்கழகத்தின் இணையதளத்தையாவது பார்ப்போம் என்று போனால், அங்கே இன்னொரு ஆச்சர்யம். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1997 முதல் வேலை பார்க்கும் அவருடைய பதவி, அசோசியேட் புரொபசர். அதாவது இணைப் பேராசிரியர்.

நோபல் வாங்கியவர் முழுப் பேராசிரியர்கூட இல்லையா? அன்று சமூக வலைதளங்களில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமில்லை. ஸ்ட்ரிக்லேண்டிடமே கேட்டார்கள். அவர் சொன்ன பதில் ரொம்ப சாதாரணமானது. நான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார்.

விண்ணப்பமா... எதற்கு?

கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் இது உடனே புரிந்திருக்கும். நம்மூரிலும் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மூன்று படிகள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக வருடங்கள் ஓடினால் மட்டும் போதாது. எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு, எத்தனை மாணவர்கள் என்று எல்லாவற்றுக்கும் சான்று இணைத்து ஃபைல் போட வேண்டும். அந்த ஃபைலைத் தயாரிப்பதற்கே ஒரு கோடை விடுமுறை போய்விடும். கனடாவிலும் கதை ஏறக்குறைய இதுதான்.

ஸ்ட்ரிக்லேண்ட் அந்த ஃபைலைப் போடவில்லை. பதவி உயர்ந்தால் சம்பளம் கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அந்தக் காகித வேலை தனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, பிடித்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன் என்பது அவர் தந்த விளக்கம். தன்னைப் பல்கலைக்கழகம் மோசமாக நடத்தியதாக அவர் சொல்லவே இல்லை. பரிசு வந்த கொஞ்ச நாளில் பேராசிரியர் பதவியும் வந்தது.

அவர் அப்படி என்ன கண்டுபிடித்தார்? லேசர் துடிப்பை ஓர் அளவுக்கு மேல் வலுவாக்கினால், அதைப் பெருக்கும் கருவியையே அது பொசுக்கிவிடும். திருவிழாக் கூட்டம் மொத்தமும் ஒரே நொடியில் வாசலில் முட்டினால் நிலைக்கதவு என்ன ஆகும்? அதுதான். ஸ்ட்ரிக்லேண்டும் அவருடைய ஆசிரியர் ஜெரார்ட் மூருவும் கூட்டத்தை வரிசையாக நீட்டினார்கள். துடிப்பை 1.4 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக்குள் அனுப்பி நீளமாக்கி, அந்த நிலையில் வலுவைக் கூட்டி, கடைசியில் மறுபடி சுருக்கினார்கள். 1985-ல் வெளியான அந்தக் கட்டுரை ஸ்ட்ரிக்லேண்டின் முதல் ஆய்வுக் கட்டுரை. அப்போது அவர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இன்று கண்ணாடி போடாமல் இருக்க லேசர் சிகிச்சை செய்துகொள்பவர்களில் பலருக்கு, கருவிழியில் மெல்லிய மடலை வெட்டுவது அந்த வழியில் வந்த லேசர்தான்.

இயற்பியல் நோபல் வாங்கிய மூன்றாவது பெண் நீங்கள் என்று அன்று அவரிடம் சொன்னபோது, இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். முதலாமவர் மேரி கியூரி, 1903. இரண்டாமவர் மரியா கோப்பர்ட் மேயர், 1963. நடுவில் 60 வருடம், பிறகு 55 வருடம். இந்த இரண்டாமவரின் பெயர் ஸ்ட்ரிக்லேண்டுக்குப் புதிதல்ல. தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார்.

மேயரின் பதவிக் கதைக்கு முன்னால் ஸ்ட்ரிக்லேண்டின் கதை ஒன்றுமே இல்லை!

சம்பளம் இல்லாத பேராசிரியை

மரியா 1906-ல் பிறந்தவர். அப்பா ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் மருத்துவப் பேராசிரியர். அப்பா வழியில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்கள். மகள் ஏழாவதாக வர வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை. 1930-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். அதே வருடம், தங்கள் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போனார்.

கணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை. மனைவிக்கு இல்லை. காரணம், அந்தக் காலத்தில் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்த ஒரு விதி. ஆசிரியரின் உறவினரை அதே இடத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது. வேண்டியவர்களுக்கு வேலை போட்டுக் கொடுப்பதைத் தடுக்க வந்த விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் கணவன், மனைவி இருவரும் படித்தவர்களாக இருந்தால் வீட்டில் உட்காருவது யார் என்பதில் அந்தக் காலத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மரியா வீட்டில் உட்காரவில்லை. ஜெர்மன் மொழிக் கடிதப் போக்குவரத்தில் உதவுவதற்கு ஒரு சின்னத் தொகையும், உட்கார ஓர் இடமும் கிடைத்தன. அங்கிருந்தபடியே ஆராய்ச்சி செய்தார். கணவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அங்கேயும் ஓர் அறை கொடுத்தார்கள், சம்பளம் இல்லை. முதன்முதலாக ஆசிரியராகச் சம்பளம் வாங்கியது 1941-ல், சாரா லாரன்ஸ் கல்லூரியில். அதுவும் பகுதி நேரம். டாக்டர் பட்டம் வாங்கி 11 வருடம் ஆகியிருந்தது.

1946-ல் சிகாகோ. இங்கே பதவி கிடைத்தது. பெயர் வாலன்டரி அசோசியேட் புரொபசர். தன்னார்வ இணைப் பேராசிரியர்! வகுப்பு எடுக்கலாம், மாணவர்களை வழிநடத்தலாம், கமிட்டிகளில் உட்காரலாம். சம்பளம் மட்டும் கிடையாது. நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்தவர்களுக்கு, பதவிப் பெயரில் இப்படி ஓர் அலங்காரச் சொல் ஏன் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலிருந்த ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் கிடைத்த அரை நாள் வேலைதான் மரியாவுக்கு வருமானம்.

இந்தக் காலத்தில்தான் அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. அணுக்கருவில் புரோட்டானோ நியூட்ரானோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் இருந்தால் அந்தக் கரு அசாதாரண உறுதியோடு இருக்கிறது. மாய எண்கள் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏன் இந்த எண்கள் என்பதுதான் புதிர். ஒருநாள் என்ரிகோ ஃபெர்மியோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். துகளின் சுழற்சிக்கும் அது சுற்றிவரும் பாதைக்கும் தொடர்பு இருப்பதற்கான அறிகுறி ஏதாவது தெரிகிறதா என்று ஃபெர்மி ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், மரியாவுக்கு மொத்தப் புதிரும் அவிழ்ந்துவிட்டது.

அதை விளக்க அவர் சொன்ன உதாரணம் அழகு. ஒரு பெரிய கூடத்தில் ஜோடிகள் நடனமாடுகிறார்கள். கூடத்தை வட்டமாகச் சுற்றியபடியே ஒவ்வொரு ஜோடியும் தானும் சுழல்கிறது. சுற்றும் திசையிலேயே சுழல்வது ஒரு மாதிரி, எதிர்த்திசையில் சுழல்வது வேறு மாதிரி. இரண்டுக்கும் ஆகும் ஆற்றல் ஒன்றல்ல. அணுக்கருவுக்குள் நடப்பதும் அதுதான். நம்மூர் கும்மியையோ கோலாட்டத்தையோ மனதில் வைத்தும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி 1960-ல் கிடைத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில், 54-வது வயதில். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. 1963-ல் நோபல் அறிவிப்பு வந்தபோது உள்ளூர் பத்திரிகை போட்ட தலைப்பு, சான்டியாகோ அம்மா ஒருவர் நோபல் வென்றார் என்பது. ஏழாவது தலைமுறைப் பேராசிரியர் என்று யாரும் போடவில்லை.

கரடி பொம்மைக்குள் பணம்

உறவினர் விதி, சம்பளமில்லாத பதவி எல்லாம் பழைய கதை, இப்போது அப்படியா நடக்கிறது என்று கேட்கலாம். இப்போது வேறு மாதிரி நடக்கும். அதற்கு கேட்டலின் கரிக்கோவின் கதையைப் பார்க்க வேண்டும்.

கரிக்கோ ஹங்கேரியில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகள். சேகெட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அதே ஊரில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தார். 1985-ல் ஆராய்ச்சிக்குப் பணம் நின்றது. வேலையும் போனது. காரை விற்றார்கள். நாட்டைவிட்டு அதிகப் பணம் எடுத்துப்போக அப்போது அனுமதி இல்லை. கிடைத்த சுமார் 900 பவுண்டை இரண்டு வயது மகள் சூசனின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்து, கணவர், குழந்தையோடு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானம் ஏறினார்.

1989-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவிப் பேராசிரியர் ஆனார். கேட்க நன்றாக இருக்கும் பதவி. ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு. இந்த வகைப் பதவிகளில் ஆராய்ச்சி நிதியை வெளியிலிருந்து ஆசிரியரேதான் விண்ணப்பித்துக் கொண்டுவர வேண்டும். நிதி வந்தால் நாற்காலி. வராவிட்டால்?

கரிக்கோவுக்கு வரவில்லை. எம்ஆர்என்ஏவை மருந்தாக மாற்றலாம் என்பது அவருடைய பிடிவாதம். அது உடம்புக்குள் போனதுமே அழற்சியைக் கிளப்புகிறது, சீக்கிரம் சிதைகிறது, இதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது மற்றவர்களின் எண்ணம். விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1995-ல் பதவி உயர்வு வர வேண்டிய நேரத்தில் பதவி இறக்கம் வந்தது. வெளியேறலாம், இல்லாவிட்டால் குறைந்த பதவியில், குறைந்த சம்பளத்தில் தொடரலாம். அதே நேரத்தில் அவருக்குப் புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகம். கணவர் விசா சிக்கலில் ஹங்கேரியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கிய பதவியில் இருக்கச் சம்மதித்தார். ஆராய்ச்சிதான் முதல் காரணம். ஆனால் அவர் சொன்ன இன்னொரு காரணம் எந்த அம்மாவுக்கும் புரியும். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டணச் சலுகை உண்டு. சூசன் பின்னாளில் அங்கேதான் படித்தார். அங்கேதான் துடுப்புப் படகும் கற்றார். 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் அமெரிக்க அணியில் தங்கம்.

1990-களின் இறுதி. ஆய்வுக் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்துத்தான் படிக்க வேண்டும். அந்த ஜெராக்ஸ் மெஷின் முன்னால் கரிக்கோவோடு அடிக்கடி மல்லுக்கு நின்றவர் ட்ரூ வைஸ்மன். எச்ஐவிக்குத் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்த மருத்துவர். காத்திருந்த நேரத்தில் பேச்சு, பேச்சிலிருந்து கூட்டு வேலை. எம்ஆர்என்ஏவில் யூரிடின் என்ற ஒரு கட்டுமானத்தை மட்டும் லேசாக மாற்றினால் உடம்பு கொதித்தெழுவதில்லை என்று கண்டுபிடித்து, 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கப்போகிறது என்று எதிர்பார்த்தார்கள். அடிக்கவில்லை.

2013-ல் அவருடைய ஆய்வக இடமும் போனது. ஒருநாள் வந்து பார்த்தால் சாமான்கள் வராந்தாவில் கிடந்தன என்று கரிக்கோ தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் அப்போது பெரிதாகப் பெயர் தெரியாத பயோஎன்டெக் என்ற கம்பெனிக்குப் போனார்.

மீதிக் கதை 2020. நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். ஆனால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஃபைசர் அல்லது மாடர்னா என்பார்கள். இரண்டிலும் இருப்பது கரிக்கோவும் வைஸ்மனும் கண்டுபிடித்த அந்த மாற்றம்தான். ஃபைசர்-பயோஎன்டெக் ஊசி வேலை செய்கிறது என்ற முடிவு வந்த அன்று கரிக்கோ கொண்டாடிய விதம்: சாக்லேட் தோய்த்த வேர்க்கடலை ஒரு பெட்டி முழுவதையும் தனியாகச் சாப்பிட்டு முடித்தார்.

2023 அக்டோபர் 2. ஸ்ட்ரிக்லேண்டுக்கு போன் வந்த அதே தேதி. மருத்துவ நோபல் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் விழா களைகட்டியது. அங்கே அன்றைக்கு அவருடைய பதவி, அட்ஜங்க்ட் புரொபசர். நிரந்தரமல்லாத துணைப் பேராசிரியர். முழுப் பேராசிரியர் என்ற பதவியை அவருக்குக் கொடுத்திருந்தது, 2021-ல், அவர் படித்த சேகெட் பல்கலைக்கழகம். நோபல் பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. முதலில் இருப்பது சேகெட்.