சேவலும் தேங்காயும் கூலி ஆகுமா?

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தாமான். முதல் நாள் அடித்த காற்றில் ஒடிந்த மாங்கிளை ஒன்று, தனியாக வசிக்கும் பாட்டி ஒருவரின் வீட்டுக் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. அதை வெட்டி இறக்க 350 ரிங்கிட் என்று பேச்சு. வேலை முடிந்ததும் பாட்டியின் கையிலிருந்து வந்தது 200 ரிங்கிட், ஒரு நாட்டுச் சேவல், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். மரம் வெட்ட வந்தவர் மறுபேச்சுப் பேசாமல் சேவலைக் காலைக் கட்டி லோரியில் ஏற்றிக்கொண்டார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மரம் வெட்டுவது, கிளை கழிப்பது, தென்னையில் ஏறி மட்டை அகற்றுவது எனப் பிழைப்பு நடத்துபவர் அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறோம். பணத்துக்குப் பதிலாக இதுவரை என்னென்ன கிடைத்தன என்று கேட்டபோது, அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பழைய தையல் இயந்திரம், இரண்டு அடுப்பு, டுரியான் பருவத்தில் ஒரு கூடைப் பழம், சீன மெக்கானிக் ஒருவர் லோரிக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்த பிரேக் என்று பட்டியல் நீண்டது.

அவர் பெரிதாக நினைப்பது வேறொன்று. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் இரண்டு மரங்களை வெட்டினார். அதற்கு ஈடாக அந்த ஆசிரியை அவருடைய மகளுக்கு மூன்று மாதம் மலாய் மொழிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மலாய் மொழியில் தேர்ச்சி பெறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். மகள் தேர்ச்சி பெற்றுவிட்டார்.

பழைய வழக்கம்தான்

பொருளுக்குப் பொருள், வேலைக்குப் பொருள் என்பது நமக்குப் புதிதல்ல. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய உமணர்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. தமிழக ஊர்களில் நாவிதர், சலவைத் தொழிலாளர், தச்சர் ஆகியோருக்கு அறுவடையின்போது களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். அந்தப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர் இருந்தது. தென்னை ஏறுபவருக்கு மரத்துக்கு இத்தனை காய் என்று கொடுப்பதும் இதே வரிசையைச் சேர்ந்ததுதான்.

நம் நாட்டிலும் இதற்கு உறவுமுறை உண்டு. ரப்பர் சிறுதோட்டங்களில் மரம் சீவுபவரும் நிலத்துக்காரரும் விளைச்சலைப் பகிர்ந்துகொள்வதை 'பாகி டுவா' என்பார்கள்.

வெட்டிய மரம் யாருக்கு லாபம்?

பலர் தவறாகக் கணக்குப் போடும் இடம் இது. “மரத்தையே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்களேன், விற்றால் காசுதானே” என்று கூலியைக் குறைப்பவர்கள் உண்டு.

ரப்பர் மரத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் தோட்டத்தை அழித்து மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போன அந்த மரம், பின்னர் மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருளாகிவிட்டது. ஒரே இடத்தில், ஒரே வகையில், ஆயிரக்கணக்கில் கிடைப்பதால் அதற்கு விலை உண்டு.

வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றை மரத்தின் நிலை வேறு. துணிக்கொடி கட்ட அடித்த ஆணியும் வேலிக்கம்பியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். அவை வாளின் பல்லை உடைத்துவிடும் என்பதால் மரப்பட்டறைகள் அத்தகைய மரத்தை வாங்கத் தயங்கும். லோரி வாடகை, எண்ணெய், கழிவு கொட்டும் செலவு எல்லாம் வெட்டியவர் தலையில்தான் விழும். மிருதங்கமும் தவிலும் செய்ய ஏற்ற பலா மரம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, வெட்டிய மரம் ஊதியமாகாது. அதை அப்புறப்படுத்துவதே தனி வேலை.

சேவலை இரண்டாக்க முடியாது

அண்ணன் தனியாள் இல்லை. கீழே நின்று வடம் பிடிக்க ஓர் உதவியாளர் இருக்கிறார். அவருக்கு அன்றாடக் கூலி ரொக்கமாகப் போக வேண்டும். வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் உள்ளது ஒப்பந்த வேலை என்பதால் சேவலை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். அண்ணனுக்கும் உதவியாளருக்கும் உள்ளதோ முதலாளி, தொழிலாளி உறவு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டும். உணவு, தங்குமிடம் போன்றவற்றைச் சம்பளத்துக்கு மேல் கொடுக்கலாம். மதுவை மட்டும் ஊதியமாகக் கொடுக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் தனியாகச் சொல்கிறது.

அந்த விதியைப் படிக்கும்போது தோட்டத்துக் கள்ளுக்கடைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. உழைத்த காசு தோட்டத்தை விட்டு வெளியேறாமலே அங்குக் கரைந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. இன்றும் வேலை நடக்கும்போதே பீர் போத்தலை நீட்டும் வீட்டுக்காரர்கள் இருப்பதாக அண்ணன் சொல்கிறார். உயரத்தில் வாளைப் பிடிக்கும் கைக்கு அது உபசாரம் ஆகாது.

விழுந்தால் யார் கொடுப்பது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த உதவியாளர் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. நான்கு மாதம் வேலை இல்லை. வீட்டுக்காரர் இரண்டு மூட்டை அரிசி கொடுத்தார். அது நல்ல மனம்தான். ஆனால் வீட்டு வாடகைக்கு அரிசி உதவவில்லை. உதவியாளரைச் சொக்சோவில் பதியாமல் விட்டது தம் தவறு என்று அண்ணன் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி அவரைச் சொக்சோவில் பதிய வேண்டும். அண்ணனைப் போல் சொந்தத் தொழில் செய்வோருக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் இருக்கிறது. அதில் காப்பீட்டு வருமானம் எவ்வளவு என்பதை நாமே தேர்ந்தெடுத்துச் சந்தா கட்டுகிறோம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு அந்தத் தொகையை வைத்தே கணக்கிடப்படும். எனவே சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும், பாதிக் கூலியைப் பொருளாக வாங்குபவருக்கும் இது பொருந்தும். இப்போது அண்ணன் இரண்டையும் கட்டுகிறார்.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

மரத்தில் ஏறும் முன்பே கூலியைப் பேசி முடியுங்கள். பணம் குறைவாக இருந்தால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு சேவலைக் காட்டினால், அதை மறுக்க அவருக்கு வழி இருக்காது. உதவியாளர் கூலிக்கும் லோரிக்கும் ஆகும் ரொக்கமாவது கையில் இருக்கட்டும். பழமோ தேங்காயோ அதற்கு மேல் கொடுக்கும் அன்பளிப்பாக இருக்கலாம்.

தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் நடப்பில் உள்ள பகுதிகளில், 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து தரும் மரத்துக்கும் விலக்கு உண்டு. எதற்கும் முதலில் மன்றத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பாட்டி கொடுத்த சேவல் என்ன ஆனது என்று அண்ணனிடம் கேட்டோம். குழம்பு வைக்க மனம் வரவில்லையாம். உதவியாளருக்கு அன்றைய கூலியைத் தம் பையிலிருந்து கொடுத்துவிட்டு, சேவலைக் கொல்லையில் விட்டிருக்கிறார். ஊறுகாய் மட்டும் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டதாம்.