பழைய லோட்டஸில் வரைபடம் வரவில்லையா?

1990களில் கம்ப்யூட்டர் வாங்கிய மொத்த வியாபாரிகள் பலர் லோட்டஸ் 1-2-3 என்ற டாஸ் புரோகிராமில்தான் விலை விவரமும் மாத விற்பனையும் எழுதி வந்தோம். எஃப்10 விசையைத் தட்டினால் விற்பனை பட்டை பட்டையாகத் திரையில் எழும்பும். பருப்பு எந்த மாதம் படுத்தது, எண்ணெய் எந்த மாதம் ஓடியது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய பெட்டி பழுதாகிப் புதியது வாங்கியபின் அந்தப் படம் வருவதில்லை என்பதே நம்மவர் குறை.

காரணம் இதுதான். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும். தனி ஆளாகக் கடை நடத்துபவர் கல்லாவில் நேரே கை விடுவது போல, அது வீடியோ கார்டின் நினைவகத்தில் நேரே எழுதிப் படம் போட்டுவிடும். விண்டோஸில் பல புரோகிராம்கள் ஒரே திரையைப் பங்கிடுவதால் எவருக்கும் கல்லாவில் கை விட அனுமதி இல்லை. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் அடியில் டாஸ் இருந்தபடியால் சிக்கல் எழவில்லை. 2001இல் வந்த எக்ஸ்பியும் ஓரளவு சமாளித்தது. 2007இல் வந்த விஸ்டாவின் புதிய திரை டிரைவர்கள் முழுத்திரை டாஸ் படத்தை மறுத்துவிட்டன. ஆகவேதான் எண்கள் தெரியும், எஃப்10 தட்டினால் மட்டும் பிழைச் செய்தி வரும். 64 பிட் விண்டோஸிலோ புரோகிராம் தொடங்குவதே இல்லை. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான்.

இதற்கு வழி, டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள். புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதாகவே அது நடிக்கும். பழைய வீடியோ கார்டும் அந்த நடிப்பில் சேர்த்தி. லோட்டஸ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, டாஸ்பாக்ஸில் மவுண்ட் கட்டளையால் அதை சி டிரைவாகக் காட்டி, 123 என்று டைப் செய்தால் போதும். மெதுவாக ஓடினால் கண்ட்ரோலுடன் எஃப்12ஐ அழுத்துக, வேகம் கூடும்.

ஆனால் ஒன்று. டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. சாதாரணப் பதிப்பில் பிரிண்டர் வசதி இல்லை. அதற்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற வேறு பதிப்பு வேண்டும். இரண்டு கவுண்டர்களில் ஒரே கணக்கைத் திறந்தால் கணக்கு கெட்டுப்போகலாம். பழையதைப் பார்க்க மட்டுமே இதை வைத்துக்கொள்வது நல்லது என்பது நம் கருத்து. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் டாஸ் பில்லிங்கைக் கட்டி அழுவதில் பயனும் இல்லை.

எண்கள் மட்டும் போதும் என்பவர், டபிள்யூகே1 என முடியும் லோட்டஸ் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து புதிய வடிவில் சேமிக்கலாம். எக்செல் 2007 முதல் இவற்றைத் திறப்பதில்லை. இவ்வளவும் முடித்து, பழைய கணக்கு ஒன்றைத் திறந்து சரிபார்க்கும்வரை பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். பிளாப்பியில் உள்ளவற்றை முதலில் காப்பி எடுங்கள். பூஞ்சை பிடித்தால் பிறகு படிக்காது.