உண்ணியும் மணத் தைலமும்

கறவைப் பசுவின் காதடியிலும் மடியோரத்திலும் ஆமணக்கு முத்துப்போல் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை நாம் அற்பமாகவே எண்ணிவிடுகிறோம். ஆயின், மாட்டைக் கொல்லும் ஒருவகைக் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்பதை அமெரிக்க அறிஞரான தியோபால்ட் சிமித்தும் கில்போர்னும் 1893ஆம் ஆண்டிலேயே நிறுவினர். ஓரிரு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்துக்கு அக்காய்ச்சல் வாயில் மண்ணைப் போடுவதன்றோ?

இரசாயன மருந்துகள் இருக்கையில் இலையெண்ணெயை நாடுவானேன் எனச் சிலர் என்னை வினவுவர். ஒரே மருந்தை இடைவிடாது பூசினால், அதற்குச் சாகாத உண்ணிகளே எஞ்சிப் பெருகும். அவுஸ்திரேலியாவில் பாஷாணக் கரைசலுக்கு மாட்டுண்ணி 1930களிலேயே பணியாமற் போயிற்று. பின்வந்த மருந்துகள் பலவற்றுக்கும் அக்கதியே நேர்ந்தது. தைலமோ பல பொருள்களின் கூட்டு. ஆதலின் உண்ணி அதற்கு எளிதிற் பழகிவிடாது என்னும் எதிர்பார்ப்பு அறிஞரிடையே உண்டு.

நம் நாட்டின் தென்பகுதியில் வடிக்கப்படும் சிற்றனெல்லாப் புல்லெண்ணெயும் கறுவா இலையெண்ணெயும் இவ்வகையின. கறுவா இலையெண்ணெயில் மிகுந்திருப்பது கராம்பிலும் உள்ள யூஜினோல் என்னும் பொருள். ஆய்வுகூடத்தில் இத்தகைய எண்ணெய்கள் உண்ணிக் குஞ்சுகளைக் கொல்கின்றன. மாட்டுக் கொட்டிலிலோ நிலைமை வேறு. ஆவியாகிப் பறப்பதே மணத்தின் இயல்பு. வெயிலில் மேயும் மாட்டின் முதுகிலிருந்து அது விரைவில் அகன்றுவிடும். உண்ணியோ விடாப்பிடியானது. ஏறக்குறைய மூன்று வாரம் மாட்டின் குருதியை உண்டு பருத்த பெட்டை, நிலத்தில் விழுந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. ஒருமுறை பூசிவிட்டு ஓய்ந்திருப்பார்க்குப் பயன் யாதும் இல்லை.

செடியிற் பிறந்ததெல்லாம் தீங்கற்றதென எண்ணுவதும் பேதைமையே. நீர்க்கச் செய்யாத தைலம் தோலைப் புண்ணாக்கும். பூனையின் கல்லீரல் யூஜினோல் போன்ற பொருள்களை எளிதில் அகற்றமாட்டாது. ஆதலின் நாய் தாங்கும் அளவும் பூனைக்கு நஞ்சாகலாம்.

இவற்றால் நான் கைவைத்தியத்தை இகழ்கிறேன் அல்லேன். கிரேப்புரூட் பழத்தோலிலும் அலாஸ்கா மஞ்சட் சீடர் மரத்திலும் காணப்படும் நூட்கட்டோன் என்னும் மணப்பொருளை, உண்ணியை விரட்டவும் கொல்லவும் பயன்படுத்த அமெரிக்க அரசின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அனுமதித்தது. அளவும் விளைவும் சோதித்து அறியப்பட்ட பின்னரே அவ்வனுமதி கிடைத்தது. அந்த அளவறிவே நமது தைலங்களுக்கும் வேண்டும். அதுவரை, மிருக வைத்தியரைக் கேளாமல் குப்பியைத் திறவாதிருப்போம். மாட்டின் காதடியையும் மடியையும் நாள்தோறும் தடவிப் பார்த்து, கண்ட உண்ணியை அன்றே களைவோம். பசுவைக் காக்கும் முதல் மருந்து அதுவே.