ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் தமிழ் இலக்கண அறிவின் இடம்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு எத்தகைய பயிற்சி அளித்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு இந்தியாவில் கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. அமைப்பு முறை, சூழல் முறை, கருத்துப்பரிமாற்ற முறை, செயல்பாட்டு முறை என முறைகள் மாறி வந்துள்ளன. ஒவ்வொன்றையும் ஆசிரியரிடம் கொண்டு சேர்க்க முகாம்களும் நடத்தப்பட்டுள்ளன. வகுப்பில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பொதுவாக உள்ள தமிழைப் பற்றிய அறிவு மட்டும் இப்பயிற்சிகளில் பெரும்பாலும் பாடப்பொருளாக இடம்பெறவில்லை. இதனால் நேர்ந்த இழப்பைத் தமிழ்நாட்டுச் சான்றுகள் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மதராஸ் பனிப்பந்து

விடுதலைக்குப் பின் ஆங்கிலம் கற்பித்தலைச் சீர்செய்ய 1956இல் அலகாபாத்திலும் 1958இல் ஐதராபாத்திலும் 1963இல் பெங்களூரிலும் நிறுவனங்கள் தோன்றின. ஐதராபாத்தில் தோன்றிய மத்திய ஆங்கில நிறுவனமே பின்னர் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டு விரிந்து இன்று மத்தியப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆனால் ஆசிரியர்களின் எண்ணிக்கையை நோக்க, இத்தகைய நிறுவனங்களில் நேரடியாகப் பயிற்சி பெறக்கூடியோர் மிகச் சிலரே. இந்த இடைவெளியை நிரப்பச் சென்னை மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி ஆங்கிலம் கற்பித்தல் வரலாற்றில் ‘மதராஸ் பனிப்பந்து’ எனப் பெயர் பெற்றது. தொடக்கநிலை மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சி என்று இதனை டி. ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே கூறுகிறது. வல்லுநர் சிலர் ஒரு குழுவினர்க்குப் பயிற்சி அளிப்பர். அக்குழுவினர் அடுத்த குழுவினர்க்கு அளிப்பர். உருண்டு செல்லும் பனிப்பந்து பருப்பது போலப் பயிற்சி பெற்றோர் தொகை பெருகும் என்பதே இதன் அடிப்படை.

பந்து பருத்தது உண்மை. அது உருளும்போது எதனை ஒட்டிக்கொண்டது, எதனை உதிர்த்தது என்பதே மொழியியலார் கேட்க வேண்டிய வினா. சில நாள் முகாமில் ஒருவர் மற்றொருவர்க்குச் செய்துகாட்டக் கூடியவை கண்ணுக்குத் தெரியும் செயல்களே: அட்டையைத் தூக்கிப் பிடித்தல், கதவை நோக்கி நடந்துகொண்டே அச்செயலை ஆங்கிலத்தில் கூறுதல், வகுப்பை இரு பிரிவாக்கி மாறிமாறிச் சொல்லச் செய்தல். ஒரு தொடரமைப்பு ஏன் முன்னர் வருகிறது, மற்றொன்று தமிழ் மாணவர்க்கு ஏன் கடினமாகிறது என்னும் காரணங்கள் செய்துகாட்டுதற்கு உரியன அல்ல, விவாதத்திற்கு உரியன. படி இறங்க இறங்க நேரம் குறைந்தது. செயல் நின்றது, காரணம் உதிர்ந்தது. இதற்கு ஆசிரியரின் அக்கறைக் குறைவைக் காரணமாகக் காட்டும் வழக்கம் உண்டு. அது நேர்மையான விளக்கம் ஆகாது.

இதில் ஒரு முரண் உள்ளது. அமெரிக்க அமைப்பு மொழியியலார் இருமொழி ஒப்பீட்டையே கற்பித்தலின் அடிப்படையாகக் கொண்டனர். கற்கும் மொழியின் விளக்கத்தைக் கற்போரின் தாய்மொழி விளக்கத்தோடு இணையாக வைத்து ஒப்பிட்டு உருவாக்கும் பாடப்பொருளே சிறந்தது என்று ஃபிரீஸ் 1945இல் வலியுறுத்தினார். லேடோவின் 1957ஆம் ஆண்டு நூல் இக்கருத்தை விரித்துரைத்தது. இந்திய வகுப்பறையை அடைந்த அமைப்பு முறையிலோ தாய்மொழி பேசக்கூடாதது ஆயிற்று; தமிழ் மாணவனுக்கும் வங்க மாணவனுக்கும் ஏறத்தாழ ஒரே வரிசை போதுமானது ஆயிற்று. வகுப்பில் தாய்மொழியைப் பேசாதிருத்தல் வேறு, ஆசிரியர் அதனை அறிந்திருத்தல் வேறு. இவ்விரண்டையும் பயிற்சி ஒன்றாக்கிவிட்டது.

‘நேற்று வந்திருக்கிறான்’

‘ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று எழுதும் மாணவரைக் காணாத ஆங்கில ஆசிரியர் தமிழ்நாட்டில் இரார். இறந்தகாலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் ‘ஹேஸ்’ வரக்கூடாது என்று விதி கூறித் திருத்துவதே வழக்கம். மாணவர் விதியை ஒப்பிப்பார். அடுத்த வாரம் அதே தொடரை எழுதுவார்.

தமிழில் இறந்தகால வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேரும்போது மூவகைப் பொருள் பிறக்கிறது. ‘மாமா வந்திருக்கிறார்’ என்பது வந்த செயலின் பயன் இப்பொழுதும் நிலைப்பதை உணர்த்துகிறது. ‘நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன்’ என்பது முன் நிகழ்ந்த பட்டறிவைக் கூறலாம். ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என்பதோ ஈரத் தரையைக் கண்டவர் கூற்று. பெய்ததை அவர் நேரில் காணவில்லை. சான்றைக் கொண்டு உய்த்துணர்கிறார். முதல் இரண்டும் ஆங்கில நிறைவுக்கால வடிவத்தோடு பெரிதும் பொருந்துவன. மூன்றாவது பொருளுக்கு ஆங்கிலம் ‘மஸ்ட் ஹேவ்’ போன்ற வேறு வாயில்களை நாடுகிறது. தமிழில் ‘நேற்று’ என்னும் சொல்லுக்கு இம்மூன்றாவது பொருளில் தடையே இல்லை. இரு மொழிகளும் எவ்விடம் வரை ஒன்றாகச் சென்று எவ்விடத்தில் பிரிகின்றனவோ, சரியாக அவ்விடத்தில் மாணவர் தவறுகிறார். அவர் பயன்படுத்தும் ஒழுங்கு தமிழின் ஒழுங்கு.

இப்பிழை இந்தி முதலிய பிற மொழிகளைப் பேசுவோரிடத்தும் காணப்படுவதால் தமிழ் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. ஆயினும் தமிழ் மாணவர்க்கு இதனை விளக்கும் வழி தமிழிலேயே உள்ளது. ‘மழை பெய்தது’, ‘மழை பெய்திருக்கிறது’ என்னும் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ‘யார் பார்த்தார்கள்?’ என்று ஆசிரியர் கேட்டால் பன்னிரண்டு வயதுச் சிறுவர் வேறுபாட்டைக் கூறிவிடுவர். அதன்பின் ஆங்கில வடிவம் இவற்றுள் எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை உணர்த்துதல் எளிது. மொழிபெயர்ப்பாளர்க்கும் இஃது அயலான செய்தி அன்று. தமிழ்ப் புனைகதையில் ஒரு பாத்திரம் கண்டதையும் ஊகித்ததையும் இவ்வடிவங்களால் வேறுபடுத்தும்போது, ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும் இடங்கள் பல.

இனி, தாய்மொழியின் மேல் வீணாகச் சுமத்தப்படும் பழி ஒன்றையும் நோக்கலாம். ‘ஐ ஆம் நோயிங்’ என்பது தமிழின் தாக்கம் என்று பயிற்சிக் கூட்டங்களில் கூறப்படுவது உண்டு. தமிழில் ‘எனக்குத் தெரியும்’ என்பதே வழக்கு. இவ்வினை தொடர்நிகழ்வு வடிவம் ஏற்பதில்லை; ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று இப்பொருளில் எவரும் கூறார். அவ்வாறாயின் இப்பிழை தமிழிலிருந்து நேராக வந்திருக்க இயலாது. அமைப்புமுறைப் பாடங்களில் தொடர்நிகழ்வு வடிவம் மிக முன்னதாகக் கற்பிக்கப்பட்டது. காரணம், நடத்தல், எழுதுதல், திறத்தல் முதலியவற்றை வகுப்பில் செய்துகாட்ட முடியும். அறிதலையும் விரும்புதலையும் செய்துகாட்ட முடியாது. வாரக்கணக்கில் ஒரே வடிவத்தை ஒப்பித்த மாணவர் அதனை எல்லா வினைக்கும் நீட்டுவது இயல்பு. இப்பிழைக்குக் கற்பித்தலே காரணம் எனக் கருத இடமுண்டு. ‘ஐ ஆம் ஹேவிங் எ பென்’ என்பது தோற்றத்தில் இதனை ஒத்தது. ஆனால் அதன் பின்னே ‘பேனா வைத்திருக்கிறேன்’ என்னும் தமிழ்த்தொடரின் ‘இருக்கிறேன்’ நிற்கக்கூடும். ஒரே வடிவமுடைய இரு பிழைகளுக்கு மூலம் வேறு, மருந்தும் வேறு. இதனைப் பகுத்தறிய ஆங்கில இலக்கணம் மட்டும் அறிந்த ஆசிரியரால் இயலாது.

தமிழில் சுட்டுச் சார்படை இல்லை என்பது மற்றொரு பொதுக்கூற்று. சொல் இல்லை என்பது உண்மை. கருத்து இல்லை என்பது தவறு. ‘பையன் புத்தகம் வாங்கினான்’, ‘பையன் புத்தகத்தை வாங்கினான்’ என்பனவற்றுள் பின்னதில் கேட்போர் அறிந்த புத்தகம் ஒன்று குறிக்கப்படுகிறது. அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு வருவதும் தொகுவதும் ஆங்கிலச் சார்படையின் பணியில் ஒரு பகுதியைச் செய்கின்றன. ‘ஒரு புத்தகத்தை’ என்னும் வழக்கும் உண்டு; உயர்திணையில் உருபு எப்போதும் வேண்டும்; எழுவாயிடத்து இவ்வசதி இல்லை. ஆகவே பொருத்தம் முழுமையானது அன்று. எனினும் வெறுமையிலிருந்து தொடங்குவதைவிட ஒரு பகுதியிலிருந்து தொடங்குவது மேல்.

ஒலியியலில் செய்தி நன்கு அறியப்பட்டதே. சொல்முதல் எகரம் பேச்சில் யகர உடம்படுமெய்யின் சாயல் பெறுவதால் ‘எவ்ரி’ ‘யெவ்ரி’ ஆகிறது. ‘தமிழர்க்கு ப்க்கு இணையான ஒலிப்புடை ஒலி வராது’ என்பாரும் உளர். ‘தம்பி’ என்னும் சொல்லில் அவ்வொலியைத் தமிழர் நாள்தோறும் கூறுகின்றனர். சிக்கல் ஒலியில் இல்லை, அது வரும் இடத்தில் உள்ளது.

முறையும் ஆசிரியரும்

உறழ்வாய்வு, அதாவது இரு மொழிகளை அருகருகே வைத்து வேறுபாடு காணும் ஆய்வு, பிழைகளை முன்கூட்டியே சொல்லத் தவறியது என்பதால் பின்னர் மதிப்பிழந்தது. கார்டர் 1967இல் கற்போர் பிழையைக் கற்றலின் சான்றாக நோக்கச் சொன்னார். செலிங்கர் 1972இல் இடைமொழி என்னும் கருத்தை முன்வைத்தார். ஆனால் வார்டாஃப் 1970இலேயே ஒரு வேறுபாட்டைச் சுட்டினார்: பிழையை முன்னறிவிக்கும் ஆற்றல் உறழ்வாய்வுக்கு இல்லையாயினும், நேர்ந்த பிழையை விளக்கும் ஆற்றல் உண்டு. வகுப்பறை ஆசிரியர்க்கு வேண்டியது இந்த இரண்டாவதே. அவர் கையில் இருப்பது மாணவரின் குறிப்பேடு.

முறையை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்குப் பெங்களூர்த் திட்டம் தக்க சான்று. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபுவின் வழிகாட்டுதலில் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த இத்திட்டம் இலக்கண வரிசையைக் கைவிட்டு, காலஅட்டவணை, வரைபடம் முதலியவற்றைக் கொண்டு சிந்திக்கச் செய்யும் பணிகள் வழியே ஆங்கிலம் கற்பித்தது. உலகெங்கும் பேசப்பட்ட இத்திட்டத்தில் பங்கேற்ற 15 ஆசிரியர்களின் பட்டறிவுக் குறிப்புகளைப் பெரெட்டா 1990இல் ஆராய்ந்தார். புதுமையை உள்வாங்கித் தாமே வளர்க்கும் நிலையை எட்டியோர் 13 விழுக்காட்டினரே. 40 விழுக்காட்டினர் அறிமுக நிலையிலேயே நின்றனர். பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுள் பெரும்பாலோர் இப்பிரிவினர். அதே ஆண்டில் பிரபு எழுதிய கட்டுரை, சிறந்த முறை என ஒன்று இல்லை எனவும், கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி ஆசிரியர் தாமே கொண்டிருக்கும் ஏற்புணர்வே கற்பித்தலுக்கு உயிர் தருவது எனவும் வாதிட்டது. அவ்வுணர்வு எதிலிருந்து வளரும் என்பது அடுத்த வினா. தம் மொழியையும் தம் மாணவர் எழுதியதையும் உற்றுநோக்கும் பழக்கம் அதற்கு ஒரு நல்ல விளைநிலம் ஆகும்.

இலங்கைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் டேவிட் ஹேய்ஸ் எழுதிய கட்டுரையும் இங்குக் கருதத்தக்கது. படிவழிப் பயிற்சி தன்னளவில் கேடானது அன்று. மேலிருந்து வருவதை அவ்வாறே கடத்தாமல், ஒவ்வொரு படியிலும் மறுவிளக்கம் செய்ய இடமளித்து, வல்லமையை மேல்படியிலேயே தேக்கி வைக்காமல் பரப்பினால் அது பயன் தரும் என்பது அவர் கருத்து. ‘இரு’ துணைவினை பற்றிய உரையாடல் இத்தகைய மறுவிளக்கத்திற்கு ஏற்றது. ஏனெனில் அங்கே கடைசிப் படியில் உள்ள ஆசிரியரும் தாய்மொழியாளர் என்ற முறையில் வல்லுநரே. ஆங்கிலத்தில் தயங்குபவர் தமிழ்த்தொடரின் பொருள் பற்றித் தயங்க வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மாணவரின் பன்மொழித் திறனை வளமாகக் கொள்ளுமாறு கூறியது. 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையும் இதனை ஏற்றது. 2019இல் தொடங்கப்பட்ட ‘நிஷ்டா’ பயிற்சித்திட்டம் எல்லாப் பாடங்களையும் உள்ளடக்கி ஏறத்தாழ 42 இலட்சம் தொடக்கநிலை ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் இலக்காகக் கொண்டு, 2020இல் இணையவழிக்கு மாறியது. இருபத்தேழாயிரம் 42 இலட்சமாகியுள்ளது. நாடு முழுமைக்கும் ஒரே பாடப்பொருளை உருவாக்கும் திட்டத்தில் ஒரு மொழியின் துணைவினைக்கு இடம் கிடைப்பது அரிது. கொள்கை பன்மொழியத்தைப் போற்றலாம். ஆனால் தமிழின் எக்கூறு, ஆங்கிலத்தின் எக்கூறோடு, எந்த வகுப்பில் என்பதை மாநில அளவிலும் மாவட்ட அளவிலுமே எழுத முடியும். அங்கும் எல்லா மாணவரும் தமிழ் பேசும் வீட்டினர் அல்லர். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூரில் உருதும் வீட்டுமொழிகளாக உள்ளன. ஆதலால் ஆசிரியர்க்கு அளிக்க வேண்டியது பிழைப்பட்டியல் அன்று. ‘உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, வரும் விடையைப் பகுத்து நோக்கும் பயிற்சி.

இதற்கு வேண்டிய மொழிவிளக்கம் நன்னூல் வழிப்பட்ட பள்ளி இலக்கணத்தில் போதிய அளவு இல்லை. அது எழுத்து வழக்கின் உருபுகளை வகைப்படுத்துகிறது, ‘பெய்தது’, ‘பெய்திருக்கிறது’ ஆகியவற்றின் வேறுபாட்டில் தங்குவதில்லை. இ. அண்ணாமலையின் 1985ஆம் ஆண்டுத் துணைவினை ஆய்வும், தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணமும், ஷிஃப்மனின் 1999ஆம் ஆண்டுப் பேச்சுத்தமிழ் இலக்கணமும் இப்பொருளை விரிவாகக் கூறுகின்றன. மூன்றும் ஆங்கிலத்தில், மொழியியலாரை நோக்கி எழுதப்பட்டவை. அவற்றிலிருந்து துணைவினை, வேற்றுமை உருபு, எதிர்மறை வினாவிற்கு விடை கூறும் முறை போன்ற சில கூறுகளை மட்டும் தேர்ந்து, மாணவர் குறிப்பேட்டு எடுத்துக்காட்டுகளோடு ஆசிரியர்க்கான தமிழில் எழுதும் பணி மொழியியலார்க்கு உரியது. ஆங்கிலத்தில் இணையான வடிவம் கிட்டாமல் மொழிபெயர்ப்பாளர் வரைவுகளில் அடித்து எழுதிய இடங்கள் அதற்குத் தரவாகும்.