கண்ணுக்குள் லென்ஸ் – 9: நீண்ட கண்ணின் கணக்கு

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்த அறுவையைச் சென்ற வாரம் பார்த்தோம். லென்ஸ் உள்ளே நின்றது. ஆனால் பவர் தப்பிவிட்டது. இயற்கை லென்ஸின் வடிவத்தைப் பின்பற்றிச் செய்த பிளாஸ்டிக், ஒளியை அதைவிட அதிகமாக வளைத்ததால், அந்த நோயாளிக்கு ஏறத்தாழ மைனஸ் 18 கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது.

கண்ணை அளந்து பவரைத் தீர்மானிக்கும் எளிய சூத்திரம் 1980-ல் வந்தது. அதுதான் எஸ்.ஆர்.கே. லென்ஸுக்கு உரிய மாறிலியிலிருந்து கண்ணின் நீளத்தை 2.5-ஆல் பெருக்கியும், கருவிழியின் வளைவை 0.9-ஆல் பெருக்கியும் கழிக்க வேண்டும். மாறிலி 118.4, வளைவு 44 என்றால், 23.5 மி.மீ. நீளமுள்ள சராசரிக் கண்ணுக்கு 20 டயாப்டர் லென்ஸ் வேண்டும். 30 மி.மீ. கண்ணுக்கு 4-கூட வராது. சராசரிக் கண்களில் இது நன்றாகவே பலித்தது, இரு ஓரங்களிலும் பிசகியது. பின்னால் வந்த எஸ்.ஆர்.கே./டி போன்றவை எவ்வளவோ மேல். ஆனாலும் 26 மி.மீ. தாண்டிய கண்களில் பிசகு தொடர்ந்தது, அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கமாக. நோயாளிகள் ப்ளஸ் பவரோடு எழுந்தார்கள்.

இப்படி நீண்ட கண்ணோடு மைனஸ் 15 கண்ணாடி போட்டவருக்கு ப்ளஸ் 1 சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அவரோடு பழகிப் பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தருகே பிடித்து ஊசியில் நூல் கோத்த கை அது. ப்ளஸ் வந்ததும் கிட்டத்திலும் மங்கல், தூரத்திலும் முழுத் தெளிவில்லை. வாழ்நாளெல்லாம் தனக்கிருந்த ஒரே வசதியை அறுவை பறித்துவிட்டதாக அவர் வருந்துவது நியாயம்தான்.

ப்ளஸ் பக்கமான இந்தப் பிசகின் காரணங்களில் முதலாவது, அளவு. கடும் கிட்டப்பார்வையில் கண்ணின் பின்சுவர் மெலிந்து, சில இடங்களில் வெளிப்புறம் புடைத்துவிடும். ஸ்டஃபிலோமா என்பார்கள். பார்வை குவியும் புள்ளி அந்தப் புடைப்பின் சரிவில் இருக்கலாம். கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேனின் ஒலி அலையோ ஆழமான அடியைத் தொட்டுத் திரும்பும். நீளம் கூடுதலாகப் பதிவாகும், பவர் குறைவான லென்ஸ் தேர்வாகும். 1999-ல் வந்த ஐ.ஓ.எல்.மாஸ்டர் ஒலிக்குப் பதில் ஒளியால் அளந்தது. நோயாளி விளக்கைப் பார்க்கும்போது அவரது பார்வைக் கோட்டிலேயே அளப்பதால், ஸ்டஃபிலோமா தந்த தொல்லை பெருமளவு தீர்ந்தது.

ப்ளஸ் மட்டும் முழுதாகப் போகவில்லை. கண் முழுமைக்கும் ஒரே சராசரி ஒளிவிலகல் எண்ணை வைத்துக் கணக்கிடும் கருவி, மிக நீண்ட கண்ணின் நீளத்தைச் சற்றுக் கூட்டியே காட்டுகிறது. 2011-ல் ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் லி வாங், டக்ளஸ் காக் குழுவினர், 25 மி.மீ. தாண்டிய கண்களில் அளந்த நீளத்தையே கொஞ்சம் குறைத்துச் சூத்திரத்தில் போடச் சொன்னார்கள். எவ்வளவு துணிச்சலான திருத்தம்! ஆஸ்திரேலியாவின் கிரஹாம் பேரட் தந்த யுனிவர்சல் 2 போன்ற புதிய சூத்திரங்களில் இந்தக் கைத்திருத்தம் தேவைப்படுவதில்லை.

லென்ஸின் பவரே மைனஸாக வேண்டிய கண்களும் உண்டு. அங்கே லென்ஸின் வடிவம் மாறுவதால் ப்ளஸ் லென்ஸின் மாறிலி உதவாது. தனி மாறிலி வேண்டும்.

அனுபவமுள்ள மருத்துவர்கள் கடும் கிட்டப்பார்வை உள்ளோருக்குப் பூஜ்யத்தைக் குறிவைக்காமல், மைனஸ் 2 அல்லது 3 மிச்சம் வைப்பதுண்டு. சற்றுப் பிசகினாலும் ப்ளஸ் பக்கம் போகாது, கண்ணாடி இல்லாமல் படிக்கவும் முடியும். ஆகவே, எந்தத் தூரத்தில் வைத்துப் படிக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு கண்ணையும் நெடுநாள் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று மைனஸ் 2, மற்றது மைனஸ் 15 என்றிருந்தால் எந்தக் கண்ணாடியும் ஒத்துவராது. முதல் கண்ணில் நேர்ந்த பிசகை வைத்து இரண்டாவதன் கணக்கைத் திருத்திக்கொள்ளவும் மருத்துவருக்கு வழியிருக்கிறது.

(தொடரும்)